செராமா வாங்கப் போனால் பெட்டையைப் பாருங்கள்

செராமா என்ற குட்டைக் கோழியை வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் சேவலைத்தான் பார்க்கிறார்கள். பார்க்காமல் இருக்கவும் முடியாது. அரைக் கிலோகூடத் தேறாத ஒரு சேவல் நெஞ்சை வானத்துக்குத் தூக்கி, தலையைப் பின்னால் இழுத்து, இரண்டு இறக்கைகளையும் தரையை நோக்கி நேராக இறக்கி, வாலை நிமிர்த்திக்கொண்டு மேசைமேல் நடந்தால் கண் வேறெங்கும் போகாது. ஆனால் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் வீட்டுக்குப் பின்னால் பல வருடங்களாக இந்தக் கோழிகளை வளர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து, போட்டிகளுக்கும் கொண்டு போய்க்கொண்டிருப்பவள் நான். பணத்தைச் சேவலில் போடாதீர்கள், பெட்டையில் போடுங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

நல்ல சேவலை இரண்டு மாதத்துக்கு யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். நட்பு இருந்தால் போதும், கொடுப்பார்கள். ஒழுங்காக முட்டையிட்டு, தானே அடைகாத்து, பொரித்த குஞ்சுகளை முழுசாகக் கரை சேர்க்கும் பெட்டையை யாரும் இரவல் தர மாட்டார்கள். விற்கவும் யோசிப்பார்கள். ஏன் என்று வளர்க்கத் தொடங்கிய முதல் வருடத்திலேயே புரிந்துவிடும்.

இந்தக் கோழி நம் மலேசியாவிலேயே, கிளந்தான் மாநிலத்தில் உருவானது. ஜப்பானியக் குட்டை இனமான சாபோவையும் உள்ளூர்க் குட்டைக் கோழிகளையும் கலந்து, தலைமுறை தலைமுறையாகச் சிறியதையும் நிமிர்ந்ததையும் தேர்ந்தெடுத்து வளர்த்த கிளந்தான்காரர்களின் கைவேலை. அவர்களில் வீ யியான் ஈன் என்பவரின் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். 1990களில் வடக்கு மாநிலங்களில் போட்டிகள் சூடுபிடித்தன. 2001இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கோழி வளர்ப்புச் சங்கம் 2011இல் வெள்ளை நிறச் செராமாவை அங்கீகரித்தது. அவர்கள் நிறம் நிறமாகப் பிரித்து ஏற்பார்கள். இங்கே நிறத்தை யாரும் கேட்பதில்லை. ஒரே தாயின் ஆறு குஞ்சும் ஆறு நிறத்தில் இருக்கும். உருவமும் நடையும்தான் இங்கே பேச்சு. எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் நிறத்துக்காகக் கழித்துக்கொண்டே போனால் நல்ல ரத்தம் வீணாகப் போகும்.

உலகிலேயே மிகச் சிறிய கோழியினம் என்று பெயர் வாங்கிய பிறகு ஒரு வெறி கிளம்பியது. இன்னும் சின்னது, இன்னும் சின்னது என்று. அந்த வெறி போதாதென்று 2004 ஆகஸ்டில் கிளந்தானின் தும்பாட் பக்கம், பாசிர் பெக்கானில் பறவைக்காய்ச்சல் வந்தது. நோய் பரவாமல் தடுக்கச் சுற்றுவட்டாரத்தில் இருந்த கோழிகளைக் கொல்ல வேண்டி வந்தது. அது தேவையான நடவடிக்கைதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செராமாவின் தாய்வீட்டிலேயே அது நடந்ததை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. ஒரு இனத்தின் நல்ல குடும்பங்கள் எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அப்போதுதான் பலரும் உணர்ந்தார்கள். 2006இல் கோலாலம்பூர் செத்தாப்பாக் பக்கத்துக் கம்பங்களிலும் (கிராமங்களிலும்) அதே நோய் தலைகாட்டியது. ஆகவே இந்தக் கோழியைக் கிளந்தானுக்கு வெளியேயும் உண்மையாக, முறையாக வளர்ப்பவர்கள் வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கிளந்தான் பயணம்

பினாங்கிலும் செராமா கிடைக்கும். பறவைக் கடைகளில் கூண்டுக்கு இரண்டு மூன்று வைத்திருப்பார்கள். வீட்டு அழகுக்கு அது போதும். இனம் பெருக்க நினைப்பவர்கள் வளர்ப்பவரின் வீட்டுக்கே போக வேண்டும். கடையில் தாய் தகப்பன் யார் என்று சொல்ல ஆள் இருக்காது.

எங்கள் பக்கத்திலிருந்து கூலிம், பாலிங், கெரிக் வழியாகப் போய், கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறி ஜெலியில் இறங்க வேண்டும். கெரிக்கிலேயே எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நூறு கிலோமீட்டருக்கு மேல் காடும் மலையும்தான், யானை கடக்கும் என்ற பலகையைப் பொழுதுபோக்குக்காக வைக்கவில்லை. இருட்டுவதற்குள் அந்தத் துண்டைத் தாண்டிவிட வேண்டும். கிளந்தானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நமக்குச் சனியும் ஞாயிறும். இரண்டு பேருக்கும் பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை மட்டும்தான், அதனால் வெள்ளி விடியற்காலையிலேயே கிளம்பி, இரவு அங்கே தங்கி, சனிக்கிழமை காலையில் கோழியைப் பார்ப்பது நல்லது. நோன்பு மாதத்தில் பகலில் போய் நிற்க வேண்டாம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை போகவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. மழைக் காலத்தில் கோழியும் நனைந்து, சளி பிடித்து, இறகு உதிர்ந்த நிலையில் இருக்கும், அந்த நேரத்தில் அதன் தரத்தை யாராலும் கணிக்க முடியாது.

இன்னொன்று. மாநில எல்லை தாண்டிக் கோழி கொண்டு வருவதற்கு முன் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். நோய் நடமாட்டம் இருக்கும் நாட்களில் கட்டுப்பாடு போடுவார்கள். அதை மீறி ஒளித்துக் கொண்டு வருவது இனத்துக்கே செய்யும் கெடுதல்.

வளர்ப்பவர் வீட்டில் என்ன நடக்கும் என்றால், பாக் சிக் (வீட்டுக்கார மலாய் மாமா) முதலில் தன் பெருமைக்குரிய சேவலை மேசைமேல் விடுவார். விடட்டும். ரசியுங்கள், பாராட்டுங்கள், அதில் பொய் எதுவும் இல்லை. அப்புறம் மெதுவாக, "இதனுடைய அம்மா இருக்கிறதா பாக் சிக்?" என்று கேளுங்கள். கோத்தா பாருவுக்கு வெளியே ஒரு வீட்டில் நான் அப்படிக் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த மாக் சிக்தான் (அத்தைதான்) என்னைச் சமையல்கட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். தென்னை மரத்தடியில், போட்டிக்கு ஒருபோதும் போகாத, கொஞ்சம் பெரிய உடம்புள்ள பழுப்புப் பெட்டைகள் நான்கைந்து மேய்ந்துகொண்டிருந்தன. "மேசையில் நிற்கிறவன் எல்லாம் இவள்களுடைய பிள்ளைகள்" என்றார் மாக் சிக். எந்தப் பெட்டை எத்தனை முட்டை இடும், எது முட்டையை உடைக்கும், எது குஞ்சை மிதிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். பாக் சிக்குக்குத் தெரிந்தது கோப்பைகளின் கதை. மாக் சிக்குக்குத் தெரிந்தது இனத்தின் கதை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கூண்டு கழுவுகிறவர் யார், தீனி போடுகிறவர் யார் என்று விசாரித்து அவரிடம்தான் பேசுகிறேன்.

பெட்டையைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை இவை. நெஞ்செலும்பை விரலால் தடவினால் நேராக ஓட வேண்டும், வளைந்தோ பள்ளமாகவோ இருக்கக் கூடாது. பின்பக்கத்தில் இடுப்பெலும்பு இரண்டுக்கும் நடுவே ஒரு விரலாவது தாராளமாக நுழைய வேண்டும், அங்கே நெருக்கமாக இருந்தால் முட்டை இடும்போது அடைத்துக்கொள்ளும். எச்சத்துவாரம் சுத்தமாக இருக்க வேண்டும். வால் ஒரு பக்கமாகச் சாய்ந்த கோணவால், இறக்கையை விரித்தால் நடுவில் இடைவெளி விட்டுப் பிளந்து நிற்பது, வளைந்த விரல் ஆகியவை பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும் குறைகள். எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். முடிந்தால் இருட்டிய பிறகு கூண்டுப் பக்கம் போய் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். பகலில் மறைத்துக்கொள்ளும் மூச்சிரைப்பும் கரகரப்பும் இரவில் காதில் விழும்.

கூட்டிலேயே மிகச் சின்னப் பெட்டையை மட்டும் வாங்காதீர்கள். அதன் முட்டையும் குறைவு, பொரிப்பும் குறைவு, முட்டை அடைத்துக்கொண்டு இறப்பதும் அதிகம். செராமாவில் உடம்பின் அளவு அச்சடித்ததுபோல இறங்காது. நடுத்தர அளவுப் பெட்டைக்குச் சின்னச் சேவலைச் சேர்த்தால் சின்னது, நடுத்தரம், பெரியது மூன்றும் பொரிக்கும். போட்டிக்குச் சின்னது போகட்டும், இனத்தை நடுத்தரம் தாங்கட்டும்.

வீடு திரும்பிய பிறகு

வண்டியில் வரும்போது தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் பெட்டி நனைந்து கோழி விறைத்துப் போகும். வெள்ளரிக்காய்த் துண்டும் பப்பாளித் துண்டும் போதும். பெட்டியின் எல்லாப் பக்கமும் துளை இருக்க வேண்டும். ஏர்கோன் காற்று நேராகப் படக் கூடாது.

வந்ததும் முப்பது நாள் தனிக்கூண்டு. பழைய கோழிகளிடமிருந்து எவ்வளவு தூரம் வைக்க முடியுமோ அவ்வளவு தூரம். அதற்கென்று தனிச் செருப்பு, தனித் தீனிக் கிண்ணம். முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுக் கடைசியாகப் புதியதிடம் போக வேண்டும், தலைகீழாகப் போகக் கூடாது. இந்த முப்பது நாளில் கால் செதிலைப் பாருங்கள். தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் செதில் உண்ணி. தேங்காய் எண்ணெயை நன்றாகத் தேய்த்து ஊறவிட்டு, சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்தால் குணமாகும். இறகடியில் பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நோய்களில் நான் அதிகம் பயப்படுவது வெள்ளைக் கழிச்சலுக்கு. மலாய்க்காரர்கள் சம்பார் என்று சொல்லும் அதே நோய். கழுத்து முறுக்கிக்கொள்ளும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், ஒரே வாரத்தில் கூண்டு காலியாகிவிடும். மஞ்சளும் சின்ன வெங்காயமும் வேப்பிலையும் அரைத்துக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வந்த பிறகு இந்த நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான் வழி. நம் நாட்டுக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. கம்பத்துக் கோழிகளைப் பிடித்து ஊசி போடுவது சிரமம் என்பதால், வெப்பம் தாங்கும் வி4 வகைத் தடுப்புமருந்தைத் தீனியோடு கலந்து கொடுக்கும் முறையை உருவாக்கியதில் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அவர்களில் ஒருவர் ஐனி இடெரிஸ்.

கடையில் கிடைக்கும் புட்டிகள் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானவை. கலந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், ஐஸ் மேலேயே வைத்திருக்க வேண்டும். பத்து இருபது கோழி வைத்திருப்பவர் ஒரு புட்டி வாங்குவது வீண். எங்கள் பக்கத்தில் நாலைந்து வீட்டுக்காரர்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து வாங்கி, மருந்து போட ஒருவரை மட்டும் அனுப்புகிறோம். வீட்டுக்கு வீடு கையையும் செருப்பையும் கழுவிக்கொண்டுதான் அவர் போவார். சேர்ந்து செய்ய ஆரம்பித்த பிறகு செலவும் குறைந்தது, யாரும் தவறவிடுவதும் இல்லை.

மாரெக்ஸ் என்று ஒரு நோய் உண்டு. இரண்டு மூன்று மாதக் குஞ்சு ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்துக்கொண்டால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குணப்படுத்த முடியாது. அது வந்த குடும்பத்தில் சாகாமல் தாங்கி நின்ற பெட்டைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அவற்றின் பிள்ளைகளுக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம் கூண்டு. நம் பக்கத்தில் எலி, முசாங் (மரநாய்), உடும்பு, மலைப்பாம்பு எல்லாமே எதிரிகள். அரை அங்குலத்துக்கு மேல் கண் உள்ள வலை செராமாக் குஞ்சுக்குப் பயன்படாது, எலி உள்ளே வரும், குஞ்சு வெளியே போகும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் வளர்ப்பவர்கள் உங்கள் ஊராட்சி மன்றத்தின் விதிகளையும் அக்கம்பக்கத்தாரின் காதையும் கவனியுங்கள். செராமாச் சேவலின் கூவல் சின்னதுதான், ஆனால் கீச்சென்று தூரம் போகும். நாங்கள் இரவில் சேவல்களை இருட்டான உள்கூண்டில் வைத்து, விடிந்து ஏழு மணிக்குத்தான் திறக்கிறோம். பக்கத்து வீட்டு மாமாவுக்கு அதற்கு மேல் குறை இல்லை.

ஜோடி சேர்ப்பது

ஒரு சேவலுக்கு இரண்டு அல்லது மூன்று பெட்டை. அதற்கு மேல் வேண்டாம். நெஞ்சு மிகவும் தூக்கலாக, தலை வால் வரை சாய்ந்து நிற்கும் டிராகன் வகைச் சேவல்கள் மேசையில் கைதட்டல் வாங்கும், ஆனால் பெட்டைமேல் ஏறி நிற்கவே தடுமாறும். முட்டையெல்லாம் கூமுட்டையாகப் போகும். எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள பஞ்சிறகை இரண்டுக்கும் கத்தரித்துவிட்டால் ஓரளவு கரு கூடும். அப்படியும் தேறாவிட்டால் அந்தச் சேவலின் அண்ணன் தம்பியைப் பாருங்கள், அவ்வளவு தூக்கல் இல்லாத, நன்றாக நடமாடுகிற ஒன்றை. ரத்தம் அதேதான்.

கால் விஷயத்தில் கவனம் வேண்டும். சாபோ ரத்தத்திலிருந்து வரும் குட்டைக்கால் மரபணு சில குடும்பங்களில் இருக்கிறது. தாய் தகப்பன் இரண்டுமே குட்டைக்காலாக இருந்தால், கரு பிடித்த முட்டைகளில் நான்கில் ஒரு பங்கு ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடும். இன்குபேட்டரைத் திட்டிப் பயனில்லை. ஒன்று குட்டைக்கால் என்றால் மற்றது நீளக்காலாக இருக்கட்டும். செராமாவுக்கு அழகே நேரான, நடுத்தர நீளக் கால்தான் என்பதால் நான் குட்டைக்கால்களைச் சேர்ப்பதே இல்லை.

நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்ப்பதால் வரும் கெடுதலைத் தள்ளிப்போட நாங்கள் மூன்று குடும்ப முறையைப் பின்பற்றுகிறோம். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று நிறக் கால் வளையம். குஞ்சு தாயின் நிறத்தையே பெறும். பெட்டைகள் பிறந்த குடும்பத்தை விட்டுப் போவதில்லை. சேவல்கள் மட்டும் ஒவ்வொரு வருடமும் வீட்டோடு மாப்பிள்ளையாக அடுத்த நிறத்துக்குப் போகும்: சிவப்பில் பிறந்தவன் நீலத்துக்கு, நீலத்தில் பிறந்தவன் மஞ்சளுக்கு, மஞ்சள் திரும்பச் சிவப்புக்கு. இதனால் எந்தப் பெட்டைக்கும் உடன்பிறந்தவனோ தகப்பனோ ஜோடியாக வருவதில்லை. பல தலைமுறை வெளியிலிருந்து ரத்தம் தேடாமல் ஓட்டலாம். இதற்குக் கணினி எல்லாம் வேண்டாம். பள்ளிக்கூட நோட்டு ஒன்று, பெட்டைக்கு ஒரு பக்கம். முட்டை எத்தனை, கரு எத்தனை, பொரித்தது எத்தனை, மூன்று மாதம் தாண்டியது எத்தனை. போட்டிப் பரிசை நான் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாகத்தான் எழுதுகிறேன்.

முட்டை

இதில் என் மாமியாரின் அறிவுதான் எனக்கு மூலதனம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து கோழி வைத்தவர். முட்டையை அவர் மண்பானையில் ஈர மணல் நிரப்பி, கூர்முனை கீழே இருக்கும்படி செருகி வைப்பார். ஏன் அத்தை என்று கேட்டால், "சூடு ஏறினா கரு அரைத் தூக்கத்துல முழிச்சிக்கும், அப்புறம் செத்துப் போகும்மா" என்பார். படிப்பறிவு இல்லாதவர் சொன்னது அறிவியலுக்கு அப்படியே பொருந்துகிறது. முட்டையைச் சேமிக்கச் சரியான வெப்பம் 15 முதல் 18 டிகிரி. நம் வீட்டு அறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் கரு வளரவும் இல்லாமல் உறங்கவும் இல்லாமல் வீணாகும். குளிர்பெட்டியோ 4 டிகிரி, அது அதிகக் குளிர். ஆகவே ஈர மணல் பானையை நிழலில் வைத்து, நான்கைந்து நாளுக்குள் அடைக்கு வைத்துவிடுவது நம் ஊருக்கு ஏற்ற வழி. ஒரு வாரம் சேர்த்து வைப்பதெல்லாம் குளிர்நாட்டுக் கணக்கு.

செராமா முட்டை இருபது இருபத்தைந்து கிராம்தான் இருக்கும். கடை முட்டையில் பாதிகூட இல்லை. 21 நாள் அல்ல, பெரும்பாலும் 19ஆம் 20ஆம் நாளே பொரித்துவிடும். எனவே 16 நாள் முடிந்ததும் புரட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

இன்குபேட்டரில் 37.5 டிகிரி. ஈரப்பதத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் பலர் குஞ்சுகளைப் பறிகொடுக்கிறார்கள். பெட்டியோடு வரும் குறிப்புத்தாள் முதல் நாளிலிருந்தே தண்ணீர் ஊற்றச் சொல்லும். அது வறண்ட நாட்டுக்கு எழுதியது. பினாங்கில் வெளிக்காற்றே 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரத்தோடு இருக்கிறது. அதே காற்று இன்குபேட்டருக்குள் போய் 37.5க்குச் சூடானால் ஈரப்பதம் 45, 47 விழுக்காட்டுக்கு இறங்கும். முதல் இரண்டு வாரத்துக்கு முட்டைக்குத் தேவையானதும் அவ்வளவுதான். மேலே தண்ணீர் ஊற்றினால் முட்டைக்குள்ளிருக்கும் நீர் வற்றாமல், காற்றறை வளராமல், குஞ்சு மூக்கை நீட்டும் நாளில் மூழ்கிச் சாகும். திறந்து பார்த்தால் முழுசாக வளர்ந்த, ஈரமான குஞ்சு உள்ளே இருக்கும். அதைவிட வேதனை வேறில்லை. கடைசி மூன்று நாள் மட்டும் தண்ணீர் ஊற்றி 65, 70க்கு ஏற்றுங்கள். ஏர்கோன் அறையில் இன்குபேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே காற்று வறண்டிருக்கும்.

ஏழாம் நாள் கைப்பேசி விளக்கில் பார்த்தால் நரம்பு ஓடுவது தெரியும். தெளிந்து கிடப்பவற்றை எடுத்துவிடலாம்.

ஆனால் நான் இன்குபேட்டரை ஒத்தாசைக்குத்தான் வைத்திருக்கிறேன். செராமாப் பெட்டைகள் அருமையாக அடைகாக்கும். தன் உடம்புக்கு நான்கைந்து முட்டை, அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டை குளிர்ந்துவிடும். கம்பத்துக் கோழியின் அடியில் வைக்காதீர்கள், அதன் பாதம் பட்டாலே ஓடு நொறுங்கும். அடைகாக்கும் குணம் பரம்பரையாக வருவது. எல்லாவற்றையும் இயந்திரத்தில் பொரிக்க வைத்துக்கொண்டே போனால், எந்தப் பெட்டைக்கு அந்தக் குணம் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாமல் போய், பத்துத் தலைமுறையில் அது தொலைந்துவிடும். எனவே ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு முறையாவது அடைகாக்க வாய்ப்புக் கொடுத்து, நோட்டில் எழுதுகிறோம்.

குஞ்சு பொரித்ததும் பெருவிரல் நுனியளவுதான் தெரியும். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகள் நிரப்பி வையுங்கள், இல்லாவிட்டால் அரை அங்குலத் தண்ணீரிலேயே மூழ்கும். கடைத் தீனியை மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பொடியாக்க வேண்டும். முதல் வாரம் 35 டிகிரிச் சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம், வெப்பமானியைவிட அவற்றின் நடத்தையே சரியாகச் சொல்லும். கரையான் கிடைத்தால் கொடுங்கள். என் மாமியார் பழைய கலயத்தில் சாணமும் காய்ந்த சருகும் போட்டுக் கவிழ்த்து வைத்துக் கரையான் பிடிப்பார். புரதத்துக்கு அதற்கு ஈடு கிடையாது.

மேசைக்கு

போட்டி என்பது எடை பார்ப்பதும் கோப்பை வாங்குவதும் மட்டும் அல்ல. நம் கண்ணுக்கு அழகாகத் தெரிவது மற்ற வளர்ப்பவர்களின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. பரிசு கிடைக்காத நாளில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்.

மேசைமேல் கோழியை விட்டதும் யாரும் தொடக் கூடாது. அது தானாக நிமிர வேண்டும், நடக்க வேண்டும், கழுத்தைச் சிலிர்க்க வேண்டும், நடுவர் பக்கம் திரும்பித் திமிரோடு நிற்க வேண்டும். வீட்டில் ராஜாவாக நிற்கும் பல சேவல்கள் அங்கே ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒடுங்கிப் போகும். அதனால் நாலு மாதத்திலிருந்தே தினமும் கொஞ்ச நேரம் மேசைமேல் விட்டுப் பழக்க வேண்டும். கூண்டுக்குப் பக்கத்தில் மின்னல் எஃப்எம் வானொலி ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிள்ளைகள் வரட்டும், போகட்டும். வேறு சேவலின் கூண்டைத் தடுப்பு வைத்துப் பக்கத்தில் வைத்து, நாளுக்குச் சில நிமிடம் மட்டும் தடுப்பை எடுத்தால் இரண்டும் நெஞ்சைத் தூக்கிப் பழகும். மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க விட்டால் சலித்துப்போய்விடும்.

குளிப்பாட்டுவதைப் போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தை ஷாம்பு, பிறகு காலை வெயில். அன்றே குளிப்பாட்டினால் இறகில் எண்ணெய்ப் பசை இல்லாமல் பறபறவென்று நிற்கும், இரண்டு நாளில் கோழி தானே அலகால் கோதிப் பளபளப்பை மீட்டுவிடும். போட்டியன்று காலையில் தீனி கொஞ்சமாக. தீனிப்பை புடைத்திருந்தால் நெஞ்சின் கோடு கெட்டுவிடும். செராமா நம் வெப்பத்தில் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறகு மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் ஒரே சேவலை நம்பி எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்க முடியாது. இரண்டு மூன்றைத் தயார் செய்து, கடைசி வாரத்தில் எது முழு இறகோடு இருக்கிறதோ அதைக் கொண்டு போவோம்.

போட்டிக்குப் போய் வந்த கோழிக்கும் தனிக்கூண்டு உண்டு. எத்தனையோ வீட்டுக் கோழிகள் மூச்சு விட்ட மேசையில் அது நின்றிருக்கிறது. இந்தத் தனிக்கூண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய கவலை.

சேவல் வளர்க்கிறோம் என்றதும் சண்டைக்கா என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். விலங்குகளை மோத விடுவது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் என் வீட்டில் அதற்கு இடம் இல்லை. அடித்துக்கொண்டு கிழிபடுவதற்காக ஒரு சேவலை இவ்வளவு பாடுபட்டு யாரும் வளர்க்க வேண்டாம்.

இப்போது எங்கள் மூன்று நிறமும் ஒரே வீட்டில் இல்லை. பாசிர் பெக்கானை நினைத்துத்தான் அப்படிச் செய்தோம். சிவப்பு என்னிடம், நீலம் பட்டர்வொர்த்தில் ஒரு தம்பி வீட்டில், மஞ்சள் பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் ஒரு சீன அக்காவின் டுரியான் தோட்டத்தில். ஒரு இடத்தில் நோய் வந்தாலும் மற்ற இரண்டும் மிஞ்சும். வருடத்துக்கு ஒரு முறை, மழை ஓய்ந்த மாதத்தில், சேவல்கள் மட்டும் வீடு மாறும், போகிற இடத்தில் முப்பது நாள் தனிக்கூண்டில் இருந்துவிட்டுத்தான் பெட்டைகளிடம் போகும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்டு வந்தால் இரண்டு பெட்டை, ஒரு சேவல், நோட்டிலிருந்து அந்தப் பெட்டைகளின் பக்கங்களின் நகல் கொடுக்கிறோம். பணம் வாங்குவதில்லை. ஒரு வருடத்துக்குள் அவர்கள் பொரிக்க வைத்ததில் இரண்டு விடைக்கோழிகள் எங்கள் மூன்று வீட்டில் ஒன்றுக்குத் திரும்பி வர வேண்டும், வரும்போது அவற்றின் அம்மா யார் என்று வளையத்தில் தெரிய வேண்டும்.